வீட்டில் காய்ச்சிய பீரைப் பூங்காவுக்கு எடுத்துப்போய் நண்பர்களுக்குக் கொடுக்கலாமா? (ஓரிகன்)

மழைநாட்டான்

எல்லோருக்கும் வணக்கம். போர்ட்லாந்துக்கு மேற்கே ஒரு புறநகரில் இருக்கிறேன், வந்து ஆறு வருடம் ஆகிறது. போன குளிர்காலத்தில் கராஜில் பீர் காய்ச்ச ஆரம்பித்தேன். முதல் இரண்டு தடவை சுமாராகத்தான் வந்தது, ஒன்றில் ஈஸ்ட் நாற்றம், இன்னொன்றில் நுரையே இல்லை. மூன்றாவது தடவை பெல்ஜியக் கோதுமை பீர் போட்டேன். ஆரஞ்சுத் தோலும், நம் ஊர்க் கடையில் வாங்கிய கொத்தமல்லி விதையை அம்மியில் லேசாக நசுக்கியும் சேர்த்தேன். கெக்கில் (குழாய் வைத்த உலோகப் பீப்பாய்) இருந்து முதல் டம்ளரைப் பிடித்துக் குடித்தபோது நானே செய்ததா என்று நம்ப முடியவில்லை. மனைவிக்கு பீரே பிடிக்காது, அவளே அரை டம்ளர் குடித்தாள்.

இப்போது கேள்வி. ஆகஸ்டில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து ஒரு பூங்காவில் பிக்னிக் போகிறோம். ஆளுக்கு ஒரு பதார்த்தம். நான் இந்த பீரை ஒரு 5 கேலன் கெக்கில், அதாவது 19 லிட்டர், ஐஸ் வாளியில் வைத்து எடுத்துப் போகலாம் என்று ஆசைப்படுகிறேன். அதை வாட்ஸ்அப் குழுவில் சொன்னதும் ஒருவர், "வீட்டில் காய்ச்சுவதே சட்டவிரோதம், பொது இடத்தில் ஊற்றிக் கொடுத்தால் உள்ளே போடுவார்கள், உன் விசாவும் போகும்" என்று எழுதிவிட்டார். அதில் இருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோதும் "என்னடா, சாராயம் காய்ச்சுறியா?" என்றுதான் முதல் கேள்வி. காய்ச்சுவது என்ற சொல்லுக்கே நம்மிடம் அப்படி ஒரு நிழல் இருக்கிறது.

உண்மையில் சட்டம் என்ன சொல்கிறது? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். காசு வாங்கப் போவதில்லை, சும்மாதான் கொடுக்கப் போகிறேன்.

---

பழைய கெக்

தம்பி, முதலில் நன்றாகத் தூங்குங்கள். வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம் இல்லை. உங்கள் நண்பர் சொல்வது 1978க்கு முந்தைய நிலைமை. நான் ஓரிகனில் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் காய்ச்சுகிறேன், இந்தக் கேள்வியை ஒவ்வொரு புது ஆளும் கேட்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் முடிந்தபோது வீட்டில் வைன் செய்துகொள்ள மத்தியச் சட்டத்தில் வழி கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. அப்படியே 45 வருடம் ஓடியது. கலிஃபோர்னியா செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் கொண்டுவந்த திருத்தம் சேர்ந்த மசோதாவில் 1978 அக்டோபர் 14 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார், 1979 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருக்கிற வீடு என்றால் வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன், வரி கிடையாது. 200 கேலன் என்பது 750 லிட்டரைத் தாண்டும். உங்கள் அளவில் காய்ச்சினால் அதைத் தொட நாற்பது தடவை அடுப்பு மூட்ட வேண்டும். விற்கக் கூடாது என்பது மட்டும்தான் கண்டிப்பு.

வெளியே எடுத்துப் போவது பற்றியும் மத்திய விதியில் ஒரு வரி இருக்கிறது: சொந்த உபயோகத்துக்கும் குடும்ப உபயோகத்துக்கும் காய்ச்சிய இடத்தில் இருந்து எடுத்துப் போகலாம், போட்டி, கண்காட்சி, சுவைபார்க்கும் நிகழ்ச்சி இவையெல்லாம் அதில் அடங்கும். ஆக மத்திய அரசைப் பொறுத்தவரை உங்கள் கெக் கராஜைத் தாண்டலாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மதுவிலக்கை நீக்கிய அதே 21வது அரசியலமைப்புத் திருத்தம் மதுபானத்தின் மீதான அதிகாரத்தைப் பெரும்பாலும் மாநிலங்கள் கையில் கொடுத்துவிட்டது. மத்திய அரசு சரி என்றாலும் மாநிலம் கூடாது என்று சொல்லலாம். மாநிலம் சரி என்றாலும் ஊராட்சி கூடாது என்று சொல்லலாம். இதை நான் சொல்வதைவிட 2010இல் ஓரிகனில் நடந்ததைச் சொன்னால் நன்றாகப் புரியும்.

ஓரிகனின் தலைநகர் சேலத்தில் (நம் ஊர்ச் சேலம் இல்லை) ஆகஸ்டு கடைசியில் மாநிலக் கண்காட்சி நடக்கும், ஊறுகாய், பை (pie), பூசணிக்காய்க்கு எல்லாம் பரிசு கொடுப்பது போல வீட்டு பீருக்கும் அதில் போட்டி உண்டு. பல வருடமாக நடந்து வந்தது. 2010இல் சட்டத்தை ஒருமுறை ஊன்றிப் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஓரிகனின் பழைய சட்டம் வீட்டு பீருக்கு விலக்கு கொடுத்தது "வீட்டில் அருந்துவதற்கு" என்ற சொற்களோடு. அந்தச் சொற்களை எழுத்துப்படி எடுத்துக்கொண்டால், காய்ச்சியவன் வீட்டு வாசலைத் தாண்டியதும் அந்த பீருக்குப் பாதுகாப்பு இல்லை. போட்டிக்கு இடமில்லை, கிளப் கூட்டத்துக்கு ஒரு பாட்டில் கொண்டுபோக இடமில்லை, பக்கத்து வீட்டில் போய்க் குடிக்கக்கூட இடமில்லை. மாநில நீதித்துறை அப்படித்தான் விளக்கம் கொடுத்தது, அந்த வருடம் போட்டி ரத்தானது.

அப்போது நான் புதிதாகக் காய்ச்ச ஆரம்பித்திருந்த காலம். எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் தன் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். போட்டிக்கு அனுப்பும் பாட்டிலில் பெயர் ஒட்டக் கூடாது, விவரம் எழுதிய காகிதத்தை ரப்பர் பேண்டால் கட்டித்தான் அனுப்ப வேண்டும், நடுவர் கைக்குப் போகும் முன் அதைக் கழற்றிவிடுவார்கள். அப்படி ரப்பர் பேண்ட் போட்ட பழுப்பு பாட்டில்கள் வரிசையாக நின்றன, எங்கேயும் போக வழியில்லாமல். "இதை உனக்கு ஊற்றிக் கொடுத்தால் தப்பில்லை, நீ என் வீட்டில் நிற்கிறாய். நான் உன் வீட்டுக்குக் கொண்டுவந்தால்தான் தப்பு" என்றார். அந்த வாக்கியம் இன்றும் காதில் இருக்கிறது.

யாரும் யாரையும் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. காய்ச்சுகிறவர்கள் கிளப் கிளப்பாகச் சேர்ந்து சட்டமன்ற உறுப்பினர்களுக்கு எழுதினார்கள். யூஜீனைச் சேர்ந்த மாநில செனட்டர் ஃபிலாய்ட் புரோஸன்ஸ்கி, அவரே வீட்டில் பீர் காய்ச்சுகிறவர், மசோதா 444ஐக் கொண்டுவந்தார். 2011இல் ஆளுநர் ஜான் கிட்ஸ்ஹேபர் கையெழுத்திட்டார். இப்போது ஓரிகனில் வீட்டு பீரை எடுத்துப் போகலாம், கொடுக்கலாம், போட்டிக்கு வைக்கலாம், மது அருந்த அனுமதி உள்ள எந்த இடத்திலும் பகிரலாம். காசு மட்டும் கைமாறக் கூடாது.

கடைசியாகச் சொன்ன "மது அருந்த அனுமதி உள்ள இடம்" என்பதில்தான் உங்கள் பிக்னிக் மாட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டு பீருக்கு என்று தனித் தடை இல்லை, கடையில் வாங்கிய பீருக்கு என்ன விதியோ அதேதான். அந்தப் பூங்காவில் கடை பீர் குடிக்கலாம் என்றால் உங்கள் பீரும் குடிக்கலாம். கடை பீரே கூடாது என்றால் உங்களுடையதும் கூடாது. எனவே கேட்க வேண்டிய ஆள் அந்தப் பூங்காவுக்குச் சொந்தக்காரர்.

---

கெண்டை

பூங்கா விஷயத்தில் அனுபவப்பட்டவன் நான், அதனால் எழுதுகிறேன்.

பூங்கா என்று பார்த்தால் ஒரே புல், ஒரே மரம். ஆனால் ஒன்று நகரத்துடையது, ஒன்று கவுன்டியுடையது (நம் மாவட்டம் மாதிரி), ஒன்று தனிப் பூங்கா வாரியத்துடையது, இன்னொன்று மாநிலத்துடையது, ஒவ்வொன்றுக்கும் தனி விதி. போர்ட்லாந்து நகருக்குள் தெருவில், நடைபாதையில் மது குடிக்கக் கூடாது, நகரப் பூங்காவில் பெர்மிட் இல்லாமல் கூடாது. பக்கத்து ஊரில் வேறு மாதிரி இருக்கும். நியூ ஆர்லியன்ஸில் பிளாஸ்டிக் கப்பில் பீரோடு தெருவில் நடக்கலாம், அதைப் பார்த்துவிட்டு வந்து மற்ற ஊர்களையும் அப்படி நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

என் கதை வேறு மாநிலத்தில் நடந்தது, ஊர் பேர் வேண்டாம். ஐந்து வருடம் முன்னால், நண்பன் மகள் பிறந்தநாள். இரண்டு கிரௌலர் (பீர் எடுத்துப்போகும் பெரிய குடுவை) நிறைய மாம்பழ ஏல் (ஒரு வகை பீர்) கொண்டுபோயிருந்தேன், ரத்னா மாம்பழக் கூழ் டின் போட்டுச் செய்தது. வாசலில் பலகை இருந்தது, நான் நாய்க்குக் கயிறு கட்டச் சொல்லும் பலகை என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். முதல் கப் ஊற்றும்போதே பூங்காக் காவலர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் முழுவதையும் அவர் கண் முன்னால் புல்லில் கொட்டச் சொன்னார். கொட்டினேன். ஐந்து வாரம் பார்த்துப் பார்த்துச் செய்தது, மஞ்சளாக நுரைத்துக்கொண்டு மண்ணில் இறங்கியது, சுற்றிக் குழந்தைகள் கேக் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அபராதச் சீட்டும் கொடுத்தார். வீட்டில் காய்ச்சியது என்பதற்காக அல்ல, அந்த இடத்தில் திறந்ததற்காக. அதை அவரே தெளிவாகச் சொன்னார்.

அதில் இருந்து நான் செய்வது ஒன்றுதான். ஷெல்டர் (பூங்காவில் இருக்கும் பிக்னிக் கொட்டகை) முன்பதிவு செய்யும்போதே போனில் கேட்டுவிடுவேன்: பீர் உண்டா, பெர்மிட் தனியாக வேண்டுமா, கெக் அனுமதி உண்டா, கண்ணாடி பாட்டில் உண்டா. கெக்கை மட்டும் தனியாகத் தடுக்கிற பூங்காக்கள் இருக்கின்றன. கண்ணாடி கூடாது என்கிற இடங்களும் நிறைய. பதிலை மின்னஞ்சலில் வாங்கி பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வேலையில் இருக்கிற காவலருக்கும் நீங்கள் போனில் பேசின ஆளுக்கும் தொடர்பு இருக்காது.

---

ஹண்ட்ஸ்வில் வாசி

ஓரிகன்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். நான் அலபாமாவில் இருக்கிறேன். இங்கே 2013 மே மாதம் வரைக்கும் வீட்டில் ஒரு பானை காய்ச்சினாலே குற்றம். அலபாமாவும் மிஸிசிப்பியும்தான் நாட்டிலேயே கடைசி இரண்டு மாநிலம், இரண்டும் அதே வருடம்தான் மாறின. கார்ட்டர் கையெழுத்துப் போட்டு 34 வருடம் கழித்து. 2012இல் வெள்ளை மாளிகை தன் தோட்டத்துத் தேன் போட்டுக் காய்ச்சிய பீரின் செய்முறையை உலகத்துக்கே வெளியிட்டது, அதே செய்முறையை இங்கே என் வீட்டில் நான் செய்தால் சட்டவிரோதம். அப்போது நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லித்தான் சட்டமன்றத்துக்குக் கடிதம் எழுதினோம்.

இப்போதும் தாராளம் கிடையாது. மூன்று மாதத்துக்கு 15 கேலன், போட்டி மாதிரி நிகழ்ச்சிக்கு வெளியே எடுத்துப் போவது 10 கேலன் வரை. மதுவிற்பனை இல்லாத வறண்ட கவுன்டிகளில் அதுவும் இல்லை. ஹண்ட்ஸ்வில்லில் இருந்து காரில் ஒரு மணி நேரம் எந்தப் பக்கம் போனாலும் எந்த எல்லையைத் தாண்டுகிறோம் என்று பார்த்துத்தான் போக வேண்டும். நான் சொல்ல வருவது, இந்த இழையைப் படித்துவிட்டு வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் ஓரிகன் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இல்லினாயில் 2013இல் சட்டம் மாற்றினார்கள், விஸ்கான்சினில் 2012இல் மாற்றினார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக. பொதுமக்கள் வரும் நிகழ்ச்சியில் வீட்டு பீர் பரிமாற இல்லினாயில் தனியாக ஒரு பெர்மிட் வைத்திருக்கிறார்கள்.

---

மழைநாட்டான்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. மாம்பழ ஏல் கதையைப் படித்து வயிறு கலங்கிவிட்டது.

இன்னும் சில சந்தேகங்கள். ஒன்று, பிக்னிக்குக்குக் குடும்பத்துக்கு 15 டாலர் வசூலிக்கிறார்கள், ஷெல்டர் வாடகை, தட்டு, கப், கரி எல்லாவற்றுக்கும். நான் காசு வாங்கவில்லைதான், ஆனால் இது இடிக்குமா? இரண்டு, மால்ட், ஹாப்ஸ் என்று பீரில் போடும் பொருட்களின் செலவுக்கு என்று இரண்டு பேர் தாமாகவே இருபது டாலர் அனுப்பிவிட்டார்கள், வாங்கலாமா? மூன்று, டல்லாஸில் தம்பி இருக்கிறான், அவனுக்கு நாலு பாட்டில் தபாலில் அனுப்பலாமா? அப்புறம் விசா விஷயத்தை யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிய பயம்.

---

சட்டம் படித்தவள்

இதற்கு நான் பதில் சொல்கிறேன். சட்டப் படிப்பு உண்டு, ஆனால் உங்கள் வழக்கறிஞர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு விஷயம்தான் இதில் ஆபத்தானது, நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. ஓரிகனில் மதுபானத்துக்கு உரிமம் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிப்பது "எனக்கு லாபம் வந்ததா" என்பதை வைத்து அல்ல. அங்கே வருகிறவர் பீர் கையில் கிடைக்க ஏதாவது பணம் கொடுக்க வேண்டியிருந்ததா, அல்லது பீருக்கு என்று நன்கொடை வாங்கப்பட்டதா, அதுதான் கேள்வி. நுழைவுக் கட்டணத்துக்குள் பீரும் அடங்கியிருந்தால் அது விற்பனை மாதிரிதான். "பீர் இலவசம், சமோசா ஐந்து டாலர்" என்று எழுதி வைத்தாலும் அதே நிலைதான். ஓர் உண்டியலை கெக் பக்கத்தில் வைத்து "விருப்பப்பட்டால் போடுங்கள்" என்றாலும் அதுவும் நன்கொடைதான். கடையில் வாங்கிய பீராக இருந்தால் உரிமம் வாங்கிச் சமாளிக்கலாம். வீட்டில் காய்ச்சியதை எந்த உரிமத்தாலும் விற்க முடியாது, ஏனென்றால் மத்தியச் சட்டத்தில் வரி விலக்குக் கிடைத்ததே விற்க மாட்டோம் என்ற நிபந்தனையில்தான்.

உங்கள் விஷயத்தில் 15 டாலர் வாடகைக்கும் கரிக்கும்தான் என்றால், அதை அறிவிப்பிலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பீர் பெயரே அந்த அறிவிப்பில் வரக் கூடாது. காசு கொடுக்காமல் வந்து எட்டிப் பார்க்கிற பெரியவருக்கும் அதே கப் கிடைக்க வேண்டும். இன்னும் நல்லது, பீரையும் வசூலையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைப்பது, வசூல் செய்கிறவர் நீங்களாக இருக்கக் கூடாது. அந்த இருபது டாலர்களை இன்றே திருப்பி அனுப்புங்கள். சங்கடமாக இருக்கும், தெரியும். நம் ஆட்கள் கை நனைத்த இடத்தில் மொய் வைக்காமல் போக மாட்டார்கள். ஒரு பாயசம் செய்துகொண்டு வரச் சொல்லுங்கள், அது போதும்.

தபால்: கூடாது. அமெரிக்கத் தபால் துறை வழியாக மதுபானம் அனுப்புவதை மத்தியச் சட்டமே தடுக்கிறது. தனியார் கூரியர்களும் உரிமம் உள்ளவர்களிடம் இருந்துதான் மதுபானம் எடுப்பார்கள். பெட்டி மேல் "ஊறுகாய்" என்று எழுதி அனுப்புகிறவர்களைத் தெரியும், பாட்டில் உடைந்தால் மற்றவர் பார்சல்கள் எல்லாம் நனையும். தம்பியைப் பார்க்கப் போகும்போது செக்-இன் பெட்டியில் துணி சுற்றி எடுத்துப் போங்கள். 24 சதவீதத்துக்கு உட்பட்ட மதுவுக்கு விமானப் பாதுகாப்பு விதியில் அளவுக் கட்டுப்பாடு இல்லை, உங்கள் பீர் ஐந்து சதவீதம்தான் இருக்கும்.

விசா: பிக்னிக்கில் நண்பனுக்கு ஒரு கப் பீர் கொடுத்ததற்காக விசா போவதில்லை. போவது வேறொன்றுக்கு. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தண்டனை வரும் முன்பே, கைதானதை வைத்தே விசா ரத்தாகலாம். 2015இல் இருந்து வெளியுறவுத் துறை அப்படித்தான் செய்கிறது. வழக்கில் இருந்து விடுபட்டவர்கள்கூட ஊருக்குப் போனால் புது விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை வரை அலைய வேண்டியிருக்கிறது. எனவே உங்கள் பயத்தைப் பூங்காவில் இருந்து எடுத்து கார் சாவி மேல் வையுங்கள். பன்னிரண்டு குடும்பத்தில் யார் ஓட்டுகிறார்கள் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். திரும்பும்போது மிச்சம் இருக்கும் திறந்த பாட்டிலோ கிரௌலரோ டிக்கியில்தான் இருக்க வேண்டும், இருக்கைப் பக்கம் இருந்தால் அதுவே தனிக் குற்றம்.

கடைசியாகக் குழந்தைகள். 21 வயதுக்குக் கீழே இருக்கிறவர் கையில் ஒரு கப் போனால், நீங்கள் கொடுக்கவில்லை, அவனாகவே பிடித்துக்கொண்டான் என்ற பதில் எடுபடாது. கெக் என்பது அவரவரே ஊற்றிக்கொள்ளக்கூடிய சாதனம், யார் வேண்டுமானாலும் குழாயை அழுத்தலாம். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பெரிய பிள்ளைகள் வருவார்கள் இல்லையா, அவர்கள்தான் கவனிக்க வேண்டியவர்கள்.

---

சும்மா ஒரு ஆள்

எதற்கு இவ்வளவு? ஸ்டீல் டம்ளரில் ஊற்றிக் குடித்தால் மோரா பீரா என்று யாருக்குத் தெரியும். நாங்கள் வருடா வருடம் அப்படித்தான் செய்கிறோம், ஒருவரும் கேட்டதில்லை.

---

பழைய கெக்

கேட்காமல் போகலாம், பெரும்பாலும் கேட்க மாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு, கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தம்பி ஆறு வாரம் உழைத்திருக்கிறார். கோதுமையை ஊறவைத்து, 67 டிகிரியில் ஒரு மணி நேரம் பிடித்து, கொதிக்க வைத்து, ஆறவைத்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் கிருமிநாசினியில் முக்கி எடுத்து. அந்த பீரை மோர் என்று பொய் சொல்லி ஊற்றினால் அதன் நிறத்தைக்கூட ஒருவரும் பார்க்க மாட்டார்கள். கோதுமை பீரின் அழகே அந்த வெண்மஞ்சள் மங்கலும் மேலே நிற்கிற நுரையும்தான். மூக்கருகே கொண்டுபோய் "இது என்ன, கொத்தமல்லியா?" என்று ஒருவர் கேட்பதற்காகத்தானே இதைச் செய்கிறோம்.

இன்னொன்று. 2010க்கு முன்னாலும் பல வருடம் ஒருவரும் கேட்கவில்லை, எல்லோரும் கொண்டுபோனார்கள், எல்லோரும் குடித்தார்கள். கேட்ட அன்றைக்குத்தான் தெரிந்தது கீழே தரையே இல்லை என்று. 2011 சட்டத்துக்காக ஆட்கள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு சேலத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் வாங்கிக் கொடுத்ததை நாம் ஒளித்து வைத்துக் குடிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு போன் செய்தால் முடிகிற வேலை.

இதே மூச்சில் ஒரு எச்சரிக்கை, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இந்த அனுமதி எல்லாம் பீருக்கும் வைனுக்கும்தான். பீரை வடித்துச் சாராயம் ஆக்குவது, ஒரு லிட்டராக இருந்தாலும், சொந்த உபயோகமாக இருந்தாலும், மத்தியச் சட்டப்படி பெர்மிட் இல்லாமல் செய்தால் சிறைவரை போகக்கூடிய குற்றம். சின்னச் செப்பு வடிகலன்களை இணையத்தில் அழகாகக் காட்டி விற்கிறார்கள், அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அம்மா கேட்ட கேள்விக்கு "இல்லை" என்று எப்போதும் சொல்ல முடிகிற நிலையில் இருங்கள்.

---

மழைநாட்டான்

நிலவரம் சொல்லத்தான் வந்தேன். இன்று காலை பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கை நடுங்கியது உண்மை. எடுத்தவர் ஒரு வயதான அம்மா, "வீட்டில் காய்ச்சியதா, என்ன ஸ்டைல்?" என்று கேட்டார்! அவர் கணவரும் காய்ச்சுகிறாராம். விதி இதுதான்: ஷெல்டர் முன்பதிவோடு பீர், வைனுக்குத் தனி பெர்மிட் வாங்க வேண்டும், ஷெல்டரைச் சுற்றிக் குறிப்பிட்ட இடத்துக்குள்தான் குடிக்கலாம், கண்ணாடி கூடாது, கெக்குக்குத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். விளையாட்டுத் திடல் பக்கம் கப்போடு போகக் கூடாது. எழுதிக் கேட்டேன், மதியமே பதில் வந்தது, கெக் ஒன்று சரி என்று. பிரிண்ட் எடுத்துவிட்டேன்.

இருபது டாலர்களைத் திருப்பி அனுப்பினேன். ஒருவர் கோபித்துக்கொண்டார், நீங்கள் எழுதியதை அப்படியே அவருக்குக் காட்டினேன், சரி என்று கேசரி கொண்டுவர ஒப்புக்கொண்டார். வசூலை இன்னொரு நண்பர் பார்த்துக்கொள்கிறார், அறிவிப்பில் ஷெல்டர், கரி, தட்டு என்று மட்டும்தான் இருக்கிறது. கெக்குக்குப் பக்கத்தில் நானே நின்று ஊற்றுவேன், குழாயை வேறு யார் கையிலும் கொடுக்கப் போவதில்லை. மனைவி ஓட்டுகிறாள்.

வாட்ஸ்அப்பில் பயமுறுத்திய நண்பருக்கு இந்த இழையின் இணைப்பை அனுப்பினேன். அவரும் வருகிறார்.

---

ஹண்ட்ஸ்வில் வாசி

ரொம்ப சந்தோஷம். 5 கேலனுக்குக் கொத்தமல்லி எவ்வளவு போட்டீர்கள்? எந்த நேரத்தில்?

---

மழைநாட்டான்

20 கிராம். கொதிக்க வைக்கும்போது கடைசி பத்து நிமிடம் இருக்கையில் போட்டேன். உருண்டையாக இருக்கிற ஐரோப்பிய விதை இல்லை, நம் கடையில் கிடைக்கிற கொஞ்சம் நீளவாட்டு விதை, அதில்தான் எலுமிச்சை வாசம் தூக்கலாக இருக்கிறது. பொடியாக்கி விடாதீர்கள், ஒரு தட்டு, இரண்டாகப் பிளந்தால் போதும். ஆரஞ்சுத் தோலில் வெள்ளைப் பகுதி வராமல் சீவிக்கொள்ளுங்கள், வந்தால் கசக்கும். பத்து கேலனுக்கு உட்பட்டுப் போட்டி ஏதாவது உங்கள் பக்கம் இருந்தால் வையுங்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.